கிரீன்விச் நேரம் நான்கு மணி

"எல்லாரும் அதையே கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தா, அது எப்ப தன் வேலையைச் செய்யும்?"

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் துறைமுகத்துத் தானிய நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு நவம்பர் மாதத்தில், ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று வெர்னா க்ளைனிக்கிடம் இப்படிக் கேட்டது. வெர்னா அப்போதுதான் தன் வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்திருந்தாள். உங்கள் அப்பா கோதுமை லாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நீளமான குழாய் ஒன்று சரக்குக்குள் இறங்கி ஒரு பிடி மணியை உறிஞ்சி எடுக்கிறது. புரதம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிறகு எடைமேடை. அந்த எண்கள் எல்லாம் இந்த மாடியில் இருக்கிற தரவுத்தளத்துக்கு வரும். அது எழுதிக்கொண்டு 'சரி' என்றால்தான் சீட்டு அச்சாகும். சீட்டு வந்தால்தான் தடுப்புக் கம்பம் தூக்கும், லாரி உள்ளே போகும்.

குழந்தைக்கு என்ன பதில் சொன்னோம் என்பது வெர்னாவுக்கு நினைவில்லை. பிஸ்கட் கொடுத்து அனுப்பியிருப்பாள். கேள்வி மட்டும் அவளோடு தங்கிவிட்டது. அடிலெய்டு தலைமை அலுவலகத்தோடு நடந்த எத்தனையோ கூட்டங்களில் அவள் படம் போட்டுச் சொல்லியும் ஏறாத ஒன்றை அந்தக் குழந்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டது.

தலைமை அலுவலகத்துக்குத் தரவுக் கிடங்கு ஒன்று வேண்டியிருந்தது. ஒன்பது அறுவடைகளின் எண்களையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, எந்த ரகம் எங்கே எப்படி விளைந்தது, எந்த வாரத்தில் எந்த நிலையத்தில் வரிசை நீண்டது என்று புரட்டிப் பார்ப்பதற்காக. நல்ல எண்ணம்தான். வெர்னாவுக்கும் அதில் மறுப்பில்லை. லாரி நிற்கிற இடத்துக்கு வந்து கேட்காதீர்கள், ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுங்கள், நகல் எடுத்து அதில் போட்டுத் தருகிறேன், நகலை எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மூன்று ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டு மழை பொய்த்தது. மூன்றாம் ஆண்டு கப்பலுக்குத் தானியம் ஏற்றும் பட்டை அறுந்தது. பணம் அந்தப் பக்கம் போயிற்று.

புது மேலாளர் க்ராண்ட்லி ஹரல் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்றார்கள். அவர் தனக்குக் கீழே இருந்தவளிடம் கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்றார்.

அந்தக் கீழே இருந்தவள் மார்ஸியா ரெஸாயி. நாற்பத்தொரு வயது. குவெட்டாவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். அடிலெய்டுக்கு வந்தபின் ஆறு ஆண்டுகள் முதியோர் இல்லமொன்றில் துணி துவைத்து மடித்துக்கொண்டே மாலை வகுப்பில் இந்தத் தொழிலைக் கற்றாள். டிசம்பர் முடிய ஒப்பந்தம். கிடங்கு ஒழுங்காக எழுந்து நின்றால் வேலை தொடரும் என்று க்ராண்ட்லி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நிற்காவிட்டால் ஜனவரியில் மறுபடியும் இல்லத்துத் துணிதான். இதை அவள் மறைக்கவும் இல்லை, சொல்லிப் புலம்பவும் இல்லை. அறுவடைக்காக ஒரு மாதம் துறைமுக ஊரிலேயே தங்கி, வெர்னாவின் எதிர் மேஜையில் வேலை பார்த்தாள். காலையில் வந்ததும் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட போலானி ரொட்டியில் பாதியை வெர்னாவின் மேஜையில் வைத்துவிட்டு, "மெஷினுக்கு எண்ணெய்" என்பாள். மெஷின் என்றது வெர்னாவை.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை க்ராண்ட்லி மூன்றாம் முறையாகக் கூட்டம் கூட்டினார். வெளியே நாற்பத்துமூன்று டிகிரி. அக்டோபர் கடைசியிலிருந்து வெர்னா ஒரு நாளும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்த்திருக்கவில்லை. க்ராண்ட்லி பொறுமையாகவே பேசினார். ஜூலையில் சோதித்துப் பார்த்தாயிற்று, தரவுத்தளத்திலிருந்து நேராக இழுத்ததில் பத்தொன்பது நிமிடத்தில் முடிந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை என்றார்.

"ஜூலையில லாரி ஏது க்ராண்ட்லி?" என்றாள் வெர்னா. "ஆளில்லாத சர்ச்சுல எவ்வளவு சத்தமா பாடினாலும் யாரும் குறை சொல்லப்போறதில்ல."

க்ராண்ட்லி சிரித்தார். அப்படியானால் விடியற்காலை நான்கு மணிக்கு ஓட்டுங்கள், அப்போதும் சர்ச்சில் ஆளிருக்காதே என்றார். அது சரியான பேச்சுதான். நிலையங்கள் காலை ஆறுக்குத்தான் திறக்கும். வெர்னாவுக்கு மேலும் வாதாடத் தெம்பில்லை. ஒப்புக்கொண்டாள். மார்ஸியாவின் கணக்குக்கு வாசிக்க அனுமதியும், எடுத்த வரி ஒவ்வொன்றிலும் 'எடுத்தாயிற்று' என்று ஒரு குறி போட அனுமதியும் கொடுத்தாள். களைப்பு பாவமில்லை. ஆனால் எத்தனையோ பாவங்கள் அது திறந்து வைத்த கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

செவ்வாய்க்கிழமை மதியம் மார்ஸியா எழுந்து வந்து வெர்னாவின் பக்கத்தில் நின்றாள். வெர்னா ஒரு காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, அச்சு இயந்திரம் மக்கர் செய்கிற ஒரு நிலையத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, நாலு மணின்னே வச்சுடட்டுமா? இந்த சர்வர்ல நான் வேற ஏதாவது பாக்கணுமா?"

"நாலு சரி. வச்சுடுங்க," என்றாள் வெர்னா. தலை நிமிரவில்லை.

புதன்கிழமை மேற்கிலிருந்து மழை வருகிறது, மாலை ஆறுக்குள் பிடித்துக்கொள்ளும் என்று வானொலியில் சொன்னார்கள். தீபகற்பம் முழுவதும் அறுவடை இயந்திரங்கள் ஓடின. முற்றிய கோதுமை நனைந்தால் ரொட்டிக்கு ஆகாது, மாட்டுத் தீவனமாகத்தான் போகும். ஆகையால் முப்பத்தொரு நிலையங்களிலும் வரிசை சாலை வரை நீண்டது.

இரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்கு முதல் அழைப்பு வந்தது. கூரபின் நிலையத்தின் எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் லாரல் ட்ரெலோர். வெர்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"ஏய் வெர்னா, என் ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சுடி. இந்த வெயில்ல ஊர்லயே உறைஞ்சது இது ஒண்ணுதான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மற்ற விளக்குகளும் தொலைபேசியில் எரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு நிலையத்திலும் அதே கதை. எடை வருகிறது, தரம் வருகிறது, சீட்டு வரவில்லை, கம்பம் தூக்கவில்லை.

வெர்னா தரவுத்தளத்துக்குள் போய், யார் யாரை மறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். இருநூறுக்கு மேற்பட்ட வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி. ஒன்பது அறுவடைகளின் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து பிரித்து, ஒவ்வொரு வரியையும் படித்து, ஒவ்வொரு வரியிலும் குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புது வரி எழுத வந்தவர்கள் எல்லாரும் அதன் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். தொடங்கிய நேரம் என்ற இடத்தில் 04:00 என்றிருந்தது.

மார்ஸியா அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்தாள். "நாலுன்னுதானே போட்டேன்," என்றாள் மெல்ல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப ரெண்டரை."

"அது கிரீன்விச் நேரம்," என்றாள் வெர்னா.

அந்தப் பழைய சர்வரின் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைத்தவள் அவளேதான், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன். கப்பல்காரர்கள் அந்த நேரத்தில்தான் குறிப்பு எழுதுவார்கள் என்பதற்காக. மற்றவர்கள் பார்க்கிற திரைகளில் உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும்படி செய்திருந்தாள், அதனால் வெளியாளுக்குத் தெரிய வழியே இல்லை. எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் நினைப்பாள். கிரீன்விச்சில் விடியற்காலை நான்கு என்றால் டிசம்பரில் இங்கே மதியம் இரண்டரை. இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். செவ்வாய்க்கிழமை தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நிறுத்திவிடலாமா என்று மார்ஸியா கேட்டாள். நிறுத்தினாள் வெர்னா. ஆனால் நிறுத்திய உடனே அது எழுந்து போய்விடாது. அதுவரை போட்ட குறிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே திரும்பி வர வேண்டும். போடுவதைவிட அழிப்பது மெதுவாகத்தான் நடக்கும், ஐம்பது நிமிடமாவது ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

லாரலை அழைத்து, கையால் சீட்டு எழுதி லாரிகளை உள்ளே விடச் சொன்னாள். கையெழுத்துச் சீட்டு கூடாது என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருக்கிறதே என்றாள் லாரல்.

"என் பேரைச் சொல்லு."

"உன் பேரச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துலயும் தப்பிச்சேன்," என்றாள் லாரல், பென்சிலைத் தேடிக்கொண்டே.

மற்ற முப்பது நிலையங்களுக்கும் வெர்னாவும் மார்ஸியாவும் பங்கு போட்டுக்கொண்டு அதையே சொன்னார்கள். ஒரு லாரிக்கு இரண்டு நிமிடம் ஆகிற வேலைக்குக் கையால் எழுத எட்டு நிமிடம் ஆயிற்று. கூரபின்னில் முப்பத்தாறு லாரி. அதில் இருபதாவதாக நின்றவர் க்ளெம் ஷோல்ஸ். அவரிடம் இருப்பது ஒரே லாரி. அது நிறைந்து வரிசையில் நின்றால், வயலில் அவருடைய அறுவடை இயந்திரமும் வயிறு நிறைந்து சும்மா நிற்க வேண்டியதுதான். கடைசி வயல், எண்பது ஹெக்டேர் பாக்கி. லாரலின் ஜன்னலுக்கு நடந்து வந்து எட்டிப் பார்த்தாராம்.

"எங்கப்பா காலத்துல பென்சில்தான், லாரல். பென்சில் ஒரு நாளும் நின்னு போனதில்ல," என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

மூன்று மணி நாற்பதுக்குத் திரைகள் உயிர்பெற்றன. ஐந்து மணி நாற்பதுக்கு மழை இறங்கியது. க்ளெமின் எண்பதில் முப்பது ஹெக்டேர் நின்றபடியே நனைந்தது. அவரைப் போல இன்னும் பலர். இரண்டு ஆண்டுகளாக மழைக்கு ஜெபித்த ஊர் அன்றைக்கு வாசலில் நின்று அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை க்ராண்ட்லி தொலைபேசியில் வந்தார். வெர்னாவும் மார்ஸியாவும் ஒரே மேஜையில், ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். க்ராண்ட்லியின் குரலும் தூங்காத குரலாகத்தான் இருந்தது. விவசாயிகள் சங்கத் தலைவர் காலை ஐந்தரைக்கே அவரை எழுப்பிவிட்டாராம்.

"அந்த நாலு மணியை வச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்," என்றாள் மார்ஸியா.

"சர்வர் எந்த நேரத்துல ஓடுதுன்னு கேட்டீங்களா?"

மார்ஸியா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நான் இன்னும் தெளிவா கேட்டிருக்கணும்," என்றாள் மார்ஸியா.

வெர்னா வாயைத் திறக்கவில்லை. காரணம் தேடினால் கிடைக்கும். முந்தின நாள் பதினேழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். க்ராண்ட்லி உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பேச நினைத்தபோது பேச இடமில்லாமல் போயிற்று. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவள் பயந்துபோய் இருந்தாள், அதுதான் எல்லாவற்றையும்விட உண்மை.

தொலைபேசியை வைத்தபிறகு, நீங்கள் என்னிடம் கேட்டீர்கள் என்று ஏன் சொல்லவில்லை என்று வெர்னா கேட்டாள். மார்ஸியா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினாள்.

"உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. நான் இல்லத்துல பாத்திருக்கேன், வெர்னா. கடைசி வேலையில இருந்து அவமானப்பட்டு வந்தவங்க எண்பது வயசுலயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. சோறு ஊட்டுறப்பகூட. எனக்கென்ன, துணி மடிக்கத் தெரியும்."

"அது என் தப்பு."

"தெரியும். ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், நகலுக்கான இயந்திரம் வாங்க அனுமதி. மூன்று ஆண்டுகளாகக் கிடைக்காதது இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. இன்னொன்றில், மார்ஸியா ரெஸாயியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்றிருந்தது. மார்ஸியா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலைப் பேருந்தில் அடிலெய்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் நனைந்த வயல்களுக்காகவும் ஜெபித்தார். வெர்னாவுக்கு முன் இருக்கையில் க்ளெம் ஷோல்ஸ். ஆசீர்வாதம் முடிந்ததும் எல்லாரும் கைகொடுத்துக்கொள்கிற நேரத்தில் அவர் திரும்பி, "உன் மெஷின் தேவலையா, வெர்னா?" என்று நோயாளியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவருடைய கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கர்த்தர் சில நேரம் கடிந்துகொள்ளாமலே கடிந்துகொள்கிறார்.

அவள் தேநீருக்கு நிற்கவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போனாள். ஞாயிறு என்பதாலும் வயல்கள் ஈரமாக இருந்ததாலும் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை. விபத்து அறிக்கைக்கான படிவத்தைத் திறந்தாள். அதை நிரப்ப வேண்டியவள் அவள்தான், திங்கள் வரை நேரமிருந்தது. விதிப்படி அது க்ராண்ட்லிக்கும், அவருக்கு மேலே இயக்குநர் குழுவுக்கும் போகும்.

காரணம் என்ற கட்டத்தில் முதலில் நீளமாக எழுதினாள். மூன்று ஆண்டுகளாக நகல் கேட்டது, வேலைப் பளு, வெயில். எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு எழுதியது இது:

"சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுவது எனக்கு மட்டுமே தெரியும். நான்தான் அப்படி வைத்தேன், எங்கும் எழுதிவைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மார்ஸியா ரெஸாயி என்னிடம் வந்து, நான்கு மணி சரியா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நான் தலை நிமிராமல் சரி என்றேன். இதற்கு எழுத்தில் சான்று இல்லை, அருகில் யாரும் இல்லை. வியாழக்கிழமை நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்க வேண்டியதை அவர் கேட்டார். சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை."

கீழே, வேறு குறிப்புகள் என்ற இடத்தில், இந்த அறிக்கையை மார்ஸியாவுக்குக் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்த்தாள். அனுப்பினாள். ஜன்னலைத் திறந்தாள். நனைந்த கோதுமையின் புளித்த வாடை துறைமுகம் வரை வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை க்ராண்ட்லி அழைத்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றாள் வெர்னா. நகல் கேட்ட கடிதங்களை எல்லாம் இப்போதுதான் எடுத்துப் படித்தேன் என்றார். ஆனாலும் குழு முடிவு செய்துவிட்டது. அடுத்த அறுவடைக்குத் தரவுத்தளத்தின் பொறுப்பு அடிலெய்டுக்குப் போகிறது. வெர்னா ஜூன் மாதத்தோடு நின்றுகொள்ளலாம். வெர்னா சரி என்றாள். சொன்னபிறகு, பல வாரங்களில் முதல்முறையாகத் தோள்கள் சற்றுத் தளர்ந்ததுபோல் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அவள் தனியாக உட்கார்ந்து கையெழுத்துச் சீட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மார்ஸியாவின் அழைப்பு வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"வெர்னா, நம்ப மாட்டீங்க. ரெண்டு வருஷம் கொடுத்திருக்காங்க. க்ராண்ட்லி அவராவே கூப்பிட்டாரு. மன்னிப்புகூடக் கேட்டாரு. என்ன நினைச்சாரோ தெரியல, மனசு மாறிட்டாரு. நான் அவரைத் தப்பா நினைச்சுட்டேன்."

"சந்தோஷம் மார்ஸியா," என்றாள் வெர்னா. "அவர் நல்ல மனுஷன்தான்."